நீலத்தின்மேல் விழுந்த பழி

புதுச்சேரியின் வடபகுதியில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டை ஒட்டிய கடைத்தெருவாயினும் சரி, தமிழ்நாட்டின் வேறெந்த ஊர்க் கடைத்தெருவாயினும் சரி, மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் நுழைந்து, நாள் முழுதும் கணிப்பொறியின் முன் வேலை செய்வதால் மாலையில் கண் எரிகிறது, நெற்றி கனக்கிறது, எழுத்துக்கள் மங்கித் தோன்றுகின்றன என்று ஒருவர் முறையிட்டால், கடைக்காரர் அவரிடம் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “ப்ளூ கட் போட்டுக் கொடுக்கட்டுங்களா?” என்பது. நீலக் கிரணங்களில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்தும் கண்ணாடிக்கு இன்று வழங்கும் பெயர் அது. விலை சற்று அதிகம். ஆயினும் கண்ணுக்காக என்று வரும்போது அந்த அதிக விலையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பிள்ளைக்குக் கண்ணாடி வாங்க வந்த தாய் தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த பணத்தையும் அவிழ்த்துக் கொடுத்துவிடுவாள்.

திரையின் வெளிச்சத்தில் நீலம் மிகுதி என்பது எல்லோரும் கேள்விப்பட்ட செய்தி. திரையை நெடுநேரம் பார்த்தால் கண் சோர்கிறது என்பது எல்லோருக்கும் அனுபவம். இவ்விரண்டையும் சேர்த்து முடிச்சிட்டு, நீலந்தான் சோர்வுக்குக் காரணம் என்று தீர்மானிப்பது மனித மனத்துக்கு மிக எளிது. எரிச்சல் உண்மை, கொடுத்த பணமும் உண்மை, இடையில் சொல்லப்பட்ட காரணம் உண்மைதானா என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை.

நீலத்தால் வாழ்ந்த ஊர்

இந்த விசாரணைக்கு முத்தியால்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. பிரெஞ்சுக் கம்பெனியார் காலத்திலிருந்தே நெசவாளர் குடியிருந்த பேட்டை இது. புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறிய சரக்குகளில், அவுரி நீலத்தில் தோய்த்தெடுத்த பருத்தித் துணிக்குத் தனி மதிப்பு இருந்தது. ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த அந்த நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரை வரை சென்று, அங்கே வேலமரப் பிசின் வாங்குவோர் கையில் நாணயத்துக்கு நிகராகவே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புழங்கியது. நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், துணியை மடித்து மூட்டை கட்டுபவர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த நாளில் நீலமே ஜீவனமாக இருந்தது.

ஆனால் நான் இங்கே நெசவாளரை நினைவூட்டுவது சாயத்தின் நிறத்துக்காக அன்று. அவர்கள் கண்ணின் உழைப்புக்காக. தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோடுவதும், ஒரு பாவு முடிந்ததும் அதன் நுனியோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதும் எத்தகைய வேலை என்பதை, அதை அருகிலிருந்து பார்த்தவர் அறிவர். மயிரிழை போன்ற நூல், ஒரு முழ தூரத்துக்குள் குனிந்த முகம், மணிக்கணக்கில் அசையாத பார்வை. மாலைக்குள் கண் சிவந்து நீர் கோத்துக்கொள்வதற்கு அங்கே எந்தத் திரையும் தேவைப்பட்டதில்லை. எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியிலே நீலக் கிரணம் மிகமிகச் சொற்பம். எனினும் அந்த ஒளியில் வேலை செய்த கண்ணும் சோர்ந்தது.

இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரைத் தாக்கும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பின்னர் 1713இல் விரிவாக்கிய நூலில், கடிகாரம் செய்வோர் முதலிய நுண்தொழிலாளரின் கண்கள் படும் துன்பத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறார். மின்சார விளக்கே பிறக்காத காலம் அது. ஆகவே கண்சோர்வு என்பது திரையோடு பிறந்த நோயன்று என்பதில் சந்தேகமில்லை. அதனால் மட்டும் நீலம் குற்றமற்றது என்று விடுவித்துவிடவும் முடியாது. பழைய சோர்வோடு திரையின் நீலம் புதிதாக ஒரு பங்கைச் சேர்க்கிறதோ என்னவோ, அதையும் ஆராய வேண்டும்.

வெண்மைக்குள் ஒளிந்த நீலம்

சூரியனின் வெள்ளொளிக்குள் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா வர்ணங்களும் அடங்கியிருக்கின்றன என்பதைப் பள்ளியில் முப்பட்டகக் கண்ணாடி பிடித்துப் பார்த்தவர் அறிவர். ஒளியை அலையாகக் கொண்டால், ஒரு முகட்டிலிருந்து மறுமுகடு வரையுள்ள நீளம் வர்ணத்துக்கு வர்ணம் வேறுபடும். சிவப்புக்கு நீளம் அதிகம், நீலத்துக்குக் குறைவு. அலை குறுகக் குறுக அது சுமக்கும் சக்தி அதிகம். ‘நீலம் சக்தி மிக்க கிரணம்’ என்று விளம்பரங்கள் கூறுவதன் அடிப்படை இதுவே. கூற்று சரி, அதிலிருந்து அவை இழுக்கும் முடிவுதான் பரிசீலனைக்கு உரியது.

கணிப்பொறித் திரைக்கும் செல்போன் திரைக்கும் பின்னால் ஒளி கொடுப்பவற்றில் பெரும்பாலானவை எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் விளக்குகள். நீல ஒளி உமிழும் எல்.இ.டி.யை உருவாக்குவது வெகுகாலம் இயலாமல் இருந்தது. ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர் அதைச் சாதித்ததற்காக 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பெற்றனர். அந்த நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பொருளொன்றை விளக்கின்மேல் பூசினால், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. ஆகவே திரையின் வெண்மைக்கு ஊற்று நீலமே என்பது உண்மை.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத மற்றோர் உண்மையும் உண்டு. திரையைச் செய்பவர்கள் அதன் வெண்மையைத் தம் இஷ்டப்படி அமைப்பதில்லை. பகற்பொழுதின் ஆகாய வெளிச்சத்தின் வெண்மையை முன்மாதிரியாக வைத்தே அமைக்கிறார்கள். அதாவது, திரையின் வெண்மையில் நீலத்தின் விகிதம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பகல் வெளிச்சத்திலும் இருக்கிறது. நிர்மலமான ஆகாயத்தைப் பார்த்தாலோ அதில் நீலம் இன்னும் அதிகம். காற்றின் நுண்ணிய மூலக்கூறுகள் மற்ற வர்ணங்களைவிட நீலத்தை மிகுதியாகச் சிதறடிப்பதே அதற்குக் காரணம். சமுத்திரத்தின் நீலம் வெறும் ஆகாயத்தின் பிரதிபிம்பந்தானா என்ற கேள்வியை, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில் எழுப்பி, நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். வங்கக் கடலின் கரையில் வாழ்பவர்களுக்குக் கண்ணைத் திறந்தால் நீலமே காட்சி.

ஒரு கணக்கு

சமன்பாடு எதுவும் இல்லாமலே இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். முத்தியால்பேட்டையில் வசித்து, ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். அவர் முன்னிருப்பது 24 அங்குலத் திரை. அதற்கும் அவர் கண்ணுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் தூரம். வெளிச்சத்தை அளப்பதற்கு ‘லக்ஸ்’ என்னும் அலகு உண்டு. ஒரு மெழுகுவர்த்திச் சுடர் ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பொருளின்மேல் விழச்செய்யும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரு லக்ஸ் என்று கொள்ளலாம். சாதாரணப் பிரகாசத்தில், திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது, அந்த மனிதரின் கண்ணில் விழும் வெளிச்சம் சுமார் 100 லக்ஸ்.

அதே மனிதர் ஒரு விடுமுறை நாளில், காலை பத்து மணிக்கு, ஊரின் கிழக்கே சோலை நகர்க் கடற்கரைக்குச் சென்று, வெயில் நேரே படாத நிழலொன்றில் அமர்ந்து கடலையும் வானையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். நிழலில் இருப்பதால் மிகக் குறைத்து, 10,000 லக்ஸ் என்றே எடுத்துக்கொள்வோம். திரை கொடுத்ததைப்போல் அது நூறு மடங்கு. திரையின் முன் அவர் கழிக்கும் எட்டு மணி நேரம் என்பது 480 நிமிஷம். அதை நூறால் வகுத்தால் ஐந்து நிமிஷத்துக்கும் சற்றுக் குறைவு. நாள் முழுதும் திரை கொடுத்த வெளிச்சத்தைக் கடற்கரை ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறது. நீலத்தின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்று முன்பே கண்டோமாகையால், நீலத்துக்கும் இதே கணக்குத்தான்.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். வெளிச்சம் மிகுந்த இடத்தில் கண்மணி சுருங்கிக்கொள்கிறது. அறைக்குள் அது விரிந்திருக்கிறது. ஆகவே அறைக்குள் உள்ளே புகும் ஒளியின் பங்கு அதிகமல்லவா? உண்மை. கடற்கரையில் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்மணி அறையில் 4 மில்லிமீட்டராக விரிகிறது என்று கொண்டால், அதன் பரப்பு நான்கு மடங்காகிறது. அப்படியே ஒப்புக்கொண்டு, ஐந்து நிமிஷத்தை நான்கால் பெருக்குவோம். எட்டு மணி நேரத் திரைக்கு இருபது நிமிஷக் கடற்கரை சமம். செல்போனை எடுத்துக்கொண்டால், அது கண்ணுக்கு நெருக்கமாக இருந்தாலும் அதன் முகம் சிறியது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்கும்போது அதிலிருந்து கண்ணில் விழுவது மேற்சொன்ன பெரிய திரையில் மூன்றில் ஒரு பங்கு அளவே.

கடற்கரையில் காலை முழுதும் வலை பின்னுகின்ற மீனவரும், கட்டுமரம் எப்போது திரும்பும் என்று நீரையே பார்த்திருக்கும் அவர் வீட்டாரும் ஒரே நாளில் பெறும் நீலத்தைத் திரையிலிருந்து பெற நம் கணக்கருக்குப் பல நாட்கள் வேண்டும். நீலத்தின் அளவே சோர்வுக்குக் காரணமாயின், கரையோர மக்கள் அனைவரும் அந்தியில் கண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

கண்ணின் உட்புறத் திரையாகிய விழித்திரையைத் திரையின் நீலம் சிறிது சிறிதாக எரித்துவிடும் என்ற பயமும் பரவியிருக்கிறது. மிகக் கடுமையான நீல ஒளியைச் சோதனைக்கூடத்தில் செல்களின்மேல் பாய்ச்சினால் அவை சேதமடைவது மெய். சூரியனை நேரே உற்றுப் பார்ப்பவருக்கு விழித்திரை வெந்துபோவதும் மெய். ஆனால் பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விளக்குகள், கணிப்பொறிகள், செல்போன்கள் ஆகியவற்றின் ஒளியை அளந்து 2016இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: அவற்றுள் எதுவும், நெடுநேரம் பார்ப்பதாகக் கொண்டாலும், சர்வதேசப் பாதுகாப்பு வரம்பைத் தாண்டவில்லை.

கண்ணே வைத்திருக்கும் வடிகட்டி

நீலத்தைக் குற்றம் சாட்டுவோரிடம் இன்னொரு வாதம் உண்டு. அது சற்று நுட்பமானது, ஆகவே மரியாதையோடு கேட்கத் தக்கது. கண்ணின் வில்லை எல்லா வர்ணங்களையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும்விட நீலத்தை மிகுதியாக வளைப்பதால், நீலத்தின் பிம்பம் விழித்திரைக்குச் சற்று முன்பாகவே குவிந்துவிடுகிறது. ஆகவே நீலம் எப்போதும் சிறிது மங்கலாகவே விழுகிறது. அந்த மங்கலைத் திருத்தத் திருத்தக் கண் களைக்கிறது என்பது அவ்வாதம்.

வாதத்தின் முற்பாதி சரி. பிற்பாதியைக் கண்ணின் அமைப்பே மறுத்துவிடுகிறது. வர்ணத்தை அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை; அவற்றுள் நீலத்தை அறிபவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அதிலும், எழுத்தை வாசிக்கவும் நூலிழையை எண்ணவும் நாம் பயன்படுத்துகின்ற விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில் நீலச் செல்கள் இல்லவே இல்லை. அந்த நடுப்பகுதியின்மேல் மஞ்சள் நிறப் பொருளொன்று படிந்து நீலத்தின் கணிசமான பகுதியை விழுங்கிக்கொள்கிறது. முருங்கைக்கீரை போன்ற கீரைகளிலிருந்து நம் உடல் பெறும் லூட்டின் என்னும் சத்து அதன் ஒரு பகுதி. நுண்ணிய விவரங்களைப் பார்க்கும் காரியத்தில் கண் நீலத்தை நம்பியே இல்லை; ஆகவே அதன் மங்கலைத் திருத்த அது பாடுபடவும் இல்லை. கடையில் விற்கும் வடிகட்டியைவிட முதிர்ந்த வடிகட்டி ஒன்றைக் கண் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு உண்டாகிறது.

மெல்பர்னில் நடந்த பரீட்சை

காரண காரியம் பேசுவது ஒருபுறமிருக்க, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர்களுக்குச் சோர்வு குறைந்ததா என்று நேரே சோதித்துவிடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். சோதித்திருக்கிறார்கள். “எனக்குக் குறைந்தது” என்று ஒருவர் சொல்வதை மட்டும் நம்பிவிட முடியாது. விலை கொடுத்து வாங்கியவரின் எதிர்பார்ப்பே பாதி நோயைத் தீர்த்துவிடும். ஆகவே எதிர்பார்ப்பையும் கண்ணாடியையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் உபாயம் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் சுமீர் சிங், லாரா டௌனி ஆகியோர் நடத்தி 2021இல் வெளியிட்ட பரீட்சை இவ்வகையில் அழகாக அமைந்தது. கணிப்பொறியால் கண்சோர்வு அடைவதாகக் கூறிய 120 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் நான்கு கூட்டமாகப் பிரித்தனர். பாதிப் பேருக்கு நீலத்தைத் தடுக்கும் கண்ணாடி; மீதிப் பாதிக்குச் சாதாரணக் கண்ணாடி. யாருக்கு எது என்பது அணிந்தவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. அதோடு, ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியினரிடம் இந்தக் கண்ணாடி நன்மை செய்யும் என்று நம்பிக்கையூட்டும்படியும், மற்றப் பகுதியினரிடம் அப்படி நம்பிக்கை ஊட்டாதபடியும் பேசினர். பின்னர் எல்லோரும் இரண்டு மணி நேரம் கணிப்பொறியில் வேலை செய்தனர். வேலைக்கு முன்னும் பின்னும், விட்டுவிட்டு மின்னும் விளக்கு எந்த வேகத்தில் தொடர்ந்து எரிவதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது என்று அளந்தனர். கண் களைத்தால் அந்த வேகம் மாறும் என்பது கருத்து. எரிச்சல், வலி, மங்கல் ஆகியவற்றைப் பற்றிக் கேள்வியும் கேட்டனர். நீலம் தடுக்கும் கண்ணாடி அணிந்தவருக்கும் சாதாரணக் கண்ணாடி அணிந்தவருக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை.

ஒரே பரீட்சையை வைத்துத் தீர்ப்பளிப்பது முறையன்று. 2023இல் காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வமைப்பு, ஆறு நாடுகளில் நடந்த இத்தகைய 17 பரீட்சைகளை ஒன்று சேர்த்து எடைபோட்டது. குறுகிய காலத்தில் கண்சோர்வைக் குறைப்பதில் நீலம் தடுக்கும் கண்ணாடிக்குச் சாதாரணக் கண்ணாடியைவிட அனுகூலம் இல்லாதிருக்கலாம் என்பது அதன் முடிவு. அந்தப் பரீட்சைகளுள் மிக நீண்டதும் ஐந்து வாரமே நடந்தது. ஆகையால் ‘குறுகிய காலத்தில்’ என்ற அடைமொழியை நாம் விட்டுவிடலாகாது. இக்கண்ணாடிகள் தடுப்பது நீலத்தில் பத்து முதல் இருபத்தைந்து விழுக்காடு மட்டுமே என்றும் அந்த ஆய்வாளர்கள் சுட்டினர். திரையின் பிரகாசத்தை ஒரு படி குறைத்துக்கொண்டால் காசு செலவில்லாமலே அவ்வளவு நீலம் குறைந்துவிடும்.

இமைக்க மறந்த கண்

அப்படியானால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது? கண்ணின் முன்புறம் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதன்மேல் பரவியுள்ள கண்ணீர்ப் படலம், தலைமயிரின் கனத்திலும் பல மடங்கு மெல்லியது. அடியில் கோழை, இடையில் நீர், மேலே அந்த நீர் ஆவியாகிவிடாதபடி காக்கும் எண்ணெய் என்று அந்த மெல்லிய படலத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எண்ணெயைச் சுரப்பவை இமையோரச் சுரப்பிகள். இமை முழுவதும் மூடித் திறக்கும்போதுதான் அவை அழுத்தம் பெற்று எண்ணெயை வெளியிடுகின்றன. ஒவ்வோர் இமைப்பும் படலத்தைப் புதிதாக விரிக்கிறது. இமைப்பு தாமதித்தால் படலம் ஆங்காங்கே கிழிந்து, நரம்புகள் நிறைந்த கருவிழியின் மேற்பரப்பு காற்றுக்குத் திறந்துகொள்கிறது. எரிச்சல் என்று நாம் சொல்வது அந்த நரம்புகளின் கூக்குரல்.

ஜப்பானிய மருத்துவர்கள் சுபோட்டா, நாகமோரி இருவரும் 104 அலுவலக ஊழியரைக் கவனித்து 1993இல் எழுதினார்கள். ஓய்வாக இருக்கும்போது அவர்கள் நிமிஷத்துக்குச் சராசரி 22 முறை இமைத்தனர். புத்தகம் வாசிக்கையில் 10 முறை. கணிப்பொறித் திரையை வாசிக்கையில் 7 முறை. இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவிலுள்ள பத்து. புத்தகத்தில் ஒளியுமில்லை, அது உமிழும் நீலமுமில்லை. எனினும் இமைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உற்றுப் பார்த்தல் என்ற காரியமே இமையைக் கட்டிப்போடுகிறது. தறியில் இழையைத் தேடிய கண்ணும் இப்படித்தான் கட்டுண்டது.

திரைக்கும் புத்தகத்துக்கும் உள்ள மிச்ச வேறுபாட்டையும் அவர்களே விளக்கினர். புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறோம். மேலிமை பாதி இறங்கி விழியை மூடிக்கொள்கிறது. திரையையோ நேராகவும் சில சமயம் நிமிர்ந்தும் பார்க்கிறோம். விழி அகலத் திறந்து, காற்றில் படும் பரப்பு புத்தகம் வாசிக்கும்போது இருப்பதைப்போல் ஏறக்குறைய இருமடங்காகிறது. ஆகவே திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி அதை இறக்கி வைப்பது, இந்த அத்தியாயத்திலிருந்து வாசகர் இன்றைக்கே செய்துகொள்ளக்கூடிய காரியம். கடற்காற்றின் ஈரம் நிறைந்த ஊரில் வாழ்ந்தும், குளிர்சாதனம் காய்ந்த காற்றை முகத்தில் நேரே வீசும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், அந்த நாற்காலியையும் நகர்த்தட்டும். இமைக்கும்போது அரைகுறையாக இமைக்காமல் முழுவதும் மூடித் திறப்பதையும் பழகிக்கொள்ள வேண்டும்.

அருகிலேயே நிலைத்த பார்வை

எரிச்சலுக்குக் காரணம் வறட்சி என்றால், நெற்றிக் கனத்துக்கும் மங்கலுக்கும் காரணம் தசை. தொலைவைப் பார்க்கையில் கண்வில்லையைச் சூழ்ந்த தசை தளர்ந்திருக்கிறது. அருகிலுள்ள பொருளைப் பார்க்க அந்தத் தசை சுருங்கி வில்லையைப் பருக்கச் செய்ய வேண்டும். இதைத் ‘தகவமைவு’ என்று அழைப்போம். கூடவே இரண்டு விழிகளும் மூக்கை நோக்கிச் சற்று உள்ளே திரும்பவும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு மணி, இரண்டு மணி என்று விடாமல் நடந்தால், நீர் நிறைந்த சொம்பைக் கைநீட்டிப் பிடித்தபடியே நிற்பவருடைய தோள் படும் பாட்டைக் கண் படுகிறது. சொம்பு கனமானதல்ல, இறக்கி வைக்க அவகாசம் கொடுக்காததே துன்பம்.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை, இருபது விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வதன் கருத்து இந்த இறக்கி வைத்தலே. எண்கள் நினைவில் நிற்பதற்காக அமைந்தவை. அவற்றுக்குத் தெய்விகம் எதுவும் இல்லை. ஜன்னல் வழியே தெருமுனையைப் பார்த்தாலும் போதும்.

நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு மட்டும் ஒரு விசேஷ எச்சரிக்கை. அந்த வயதில் கண்வில்லை இறுகி, அருகுப் பார்வைக்கு வளைந்துகொடுக்க மறுக்கத் தொடங்குகிறது. அதைத் திரையின் குற்றமென்று எண்ணி ‘ப்ளூ கட்’ வாங்கிக்கொண்டு, தேவையான ‘பவர்’ போடாமலே ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவோர் எத்தனையோ பேர். இளைஞரிலும் சிறிய அளவு தூரப்பார்வைக் குறையோ, ‘அஸ்டிக்மாடிசம்’ என்னும் பிறழ்ச்சியோ திருத்தப்படாமல் இருந்தால் திரைவேலை அதை வெளிக்கொணர்ந்துவிடும். முறையான கண்பரிசோதனைக்குப் புதுச்சேரியில் இடமில்லாமலில்லை; டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003 முதல் கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்திலும் நடந்துவருகிறது. ‘ப்ளூ கட்’ பூச்சுக்காகக் கொடுக்கும் பணத்தை இந்தப் பரிசோதனைக்குக் கொடுப்பதே நலம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நித்திரையின் விஷயம் வேறு

நீலத்துக்கு உண்மையான ஓர் அதிகாரமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பதை 2002இல் விஞ்ஞானிகள் உறுதிசெய்தனர். நீல ஒளிக்கு அவை மிகுதியாகக் கிளர்ச்சியடைகின்றன. கிளர்ச்சியடைந்தால், தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு தாமதமாகிறது. அமெரிக்காவில் 12 பேரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியான ஆய்வொன்றில், படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் முழுப் பிரகாசத்தில் ஒளிரும் திரையில் வாசித்தவர்கள், அச்சுப் புத்தகம் வாசித்த நாட்களைவிடச் சுமார் பத்து நிமிஷம் தாமதித்து உறங்கினர். நான்கு மணி நேரம், முழுப் பிரகாசம், பத்து நிமிஷம் என்ற மூன்றையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும். இரவில் விழிக்கச் செய்வதில் ஒளியைவிட, திரையில் ஓடும் கதைக்கும் வம்புக்குமே பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகளுக்கு வேண்டிய வெளிச்சம்

பெரியவருக்குச் சோர்வோடு போகிற அருகுப் பார்வை வேலை, வளரும் பிள்ளைக்குக் கண்ணின் வடிவத்தையே மாற்றிவிடக்கூடியது. கிட்டப்பார்வைக் குறையில் கண்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுகிறது. நீண்டது பிறகு சுருங்குவதில்லை. இதற்கும் நீலத்தையே பழிக்கும் விளம்பரங்கள் வருவதால், பெற்றோர் அறிய வேண்டிய ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய பரீட்சை 2015இல் வெளியாயிற்று. ஆறு பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் 40 நிமிஷம் வெட்டவெளி வகுப்பு ஒன்றைக் கூட்டினார்கள்; மற்றப் பள்ளிகளில் எந்த மாற்றமும் செய்யவில்லை. மூன்று ஆண்டு கழிந்தபோது, மாற்றம் செய்யாத பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது. வெளியே சென்ற பிள்ளைகளில் 30.4. வெட்டவெளியின் மிகுந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, கண்கோளம் நீளுவதை மட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த வெளிச்சத்தில் எவ்வளவு நீலம் இருக்கிறது என்பதை முன்பே கணக்கிட்டுப் பார்த்தோம்.

தைவான் அரசு 2010 முதல் பிள்ளைகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பும்படி பள்ளிகளைத் தூண்டிவருகிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே கைகூடாமற் போகலாம். ஆனால் குவாங்சோவில் கூட்டிய அந்த நாற்பது நிமிஷம், நம் பள்ளிகளின் கால அட்டவணையில் ‘பி.டி. பீரியட்’ என்ற பெயரில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் ஒரு வகுப்பின் நேரத்துக்கு ஏறக்குறையச் சமானம். பரீட்சை நெருங்கும் மாதங்களில் அதைக் கணக்குப் பாடத்துக்கும் அறிவியல் பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளாமல் பிள்ளைகளுக்கே விட்டுவைக்கும்படி பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.